'தோட்டத்துறை' என்னும் வரையறை: ஒரு விமர்சன நோக்கு

புள்ளிவிபரம் நடுநிலையானது என்னும் நம்பிக்கை கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. ஆயின், எண்ணுவதற்கு முன்னர் வகுத்தல் நிகழ்கின்றது. அவ்வகுப்பிலேயே சிலர் விடுபடுகின்றனர். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வு இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது.

ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதம். தேசிய சராசரியுள் மறையக்கூடிய இவ்வவலத்தைப் பிரித்துக் காட்டியமை அவ்வாய்வின் சிறப்பெனலாம்.

எனினும், 'தோட்டம்' என்பது யாது? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரையறைப்படி, 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், அங்கேயே வதியும் தொழிலாளர் 10 பேரேனும் உடையதே தோட்டம். நுவரெலியாவின் பெருந்தோட்டங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெல போன்ற பகுதிகளுக்கு அவ்வாறன்று. சப்பிரகமுவவில் தேயிலையும் இறப்பரும் கம்பனித் தோட்டங்களில் மட்டுமன்றி, கிராமங்களிடையே சிதறிய சிற்றுடைமைகளிலும் பயிராகின்றன. லயத்தை விட்டகன்று சிறுதோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாயின் குழந்தை, ஏட்டில் 'கிராமப்புற'க் குழந்தையாகிவிடுகின்றது. தொழிலும் உணவும் மாறாதிருந்தும் வகை மாறிவிடுகின்றது. அக்குழந்தையின் குறை கிராமத்துச் சராசரியிற் கரைகின்றது.

தகவல் இல்லை என்பதன்று குறை. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் எடையைப் பார்த்து வளர்ச்சிப் பதிவேட்டிற் குறிக்கின்றார். பிள்ளைக் காம்பராவின் வரவேடு தோட்டத்தில் இருக்கின்றது. முன்பள்ளி மாகாண அதிகாரத்தின் கீழ் வருகின்றது. ஒரே குழந்தை மூன்று ஏடுகளில் மூன்று துண்டாக வாழ்கின்றது. அவை தொகையாகச் சுருங்கி மேலே செல்லுந்தோறும் குழந்தையின் வரலாறு மறைந்து, எண் மாத்திரமே எஞ்சுகின்றது. ஆதலின், இடத்தின் பரப்பையன்றி, தாயின் தொழிலையும் வதிவிடத்தின் தன்மையையும் கொண்டு வகுப்பதும், குழந்தை இடம்பெயரினும் தொடரும் ஒரே பதிவைப் பேணுவதும் இன்றியமையாதன.

பதிவேடு தன்னளவில் நன்மையென்று கொள்ளுதலும் தவறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், ஏட்டில் பெயரின்மையின் கொடுமையை நன்கறிவர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அப்பிரச்சினை நீடித்தது. எனவே, திரட்டப்படும் தகவல் முதலில் தாய்க்கும், எடை பார்ப்பவருக்கும், முன்பள்ளி ஆசிரியைக்கும் பயன்பட வேண்டும். குழந்தையின் நலனுக்குப் புறம்பாக அது கையாளப்படலாகாது.

கொள்கை வகுப்போர் எத்தனை குழந்தைகள் மெலிந்துள்ளனர் என வினவுகின்றனர். எக்குழந்தைகளை எண்ணினோம் என்னும் வினாவே அதற்கு முற்பட்டதாகும்.