சொல்லாமல் கொடுத்த தேன்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 19ஆம் நாள் திருப்பலியில் சிம்சோன் பிறந்த வரலாறு வாசிக்கப்படுகிறது. நீதித் தலைவர்கள் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து சில வசனங்கள். அவற்றைத் தொடர்ந்து, செக்கரியாவுக்கு வானதூதர் தோன்றிய நிகழ்ச்சி லூக்கா நற்செய்தியிலிருந்து. மலடி எனப்பட்ட இரு தாய்மார், பிறக்குமுன்பே கடவுளுக்கென ஒதுக்கப்பட்ட இரு பிள்ளைகள் என்னும் ஒப்புமை அழகானது. ஆனால் அந்தப் பிள்ளைகளுள் ஒருவராகிய யோவான் வளர்ந்து என்ன ஆனார் என்பதைத் திருவருகைக் காலத்தில் நாம் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். மற்றவரைப் பற்றிய வாசகமோ, ஆண்டவரின் ஆவி அவரைத் தூண்டத் தொடங்கியது என்னும் இடத்தோடு நின்றுவிடுகிறது. திருப்பலி வாசகங்களில் அதன் தொடர்ச்சி இடம்பெறுவதில்லை.

மீதியை நாம் வேறு வழிகளில் அறிந்துகொண்டோம். மறைக்கல்விப் புத்தகத்தின் படங்கள், தெலீலாவின் மடி, கத்தரிக்கப்பட்ட கூந்தல், சரியும் தூண்கள். ஆங்கிலக் கவி மில்டன் 1671இல் வெளியிட்ட நாடகக் கவிதை, காசா நகரில் கண்ணிழந்து நிற்கும் சிம்சோனிடமே தொடங்குகிறது. 1949இல் வந்த செசில் பி. டிமிலின் திரைப்படம் அவர் இளமைக்கு இடம் தந்தது. ஆயினும் திமினாவில் மணந்த பெண்ணைத் தெலீலாவின் தமக்கையாக்கி, அந்தப் பகுதியையும் தெலீலாவின் கதையாகவே மாற்றிவிட்டது. மறையுரைகளும் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் செல்கின்றன. பெண்ணால் கெட்ட வீரன் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பதினாறாம் அதிகாரத்தில் நாம் காண்பது அறுவடை மட்டுமே. விதைப்பு அதற்கு முந்திய மூன்று அதிகாரங்களில் நடந்துவிடுகிறது என்பது என் கருத்து.

இந்தக் கருத்துக்கு நானாக வந்து சேரவில்லை. காரியாபட்டியில் மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாள்களில் ஒரு சிறுவன் என்னை அங்கே இழுத்து வந்தான். முந்நூறு நரிகளின் வாலோடு வால் சேர்த்துக் கட்டி, இடையே தீப்பந்தம் செருகிப் பெலிஸ்தியரின் வயல்களில் ஓடவிட்ட கதையைக் கைகால் ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "சார், அப்புறம் அந்தப் பொண்ணையும் அவங்க அப்பாவையும் எரிச்சாங்களே, அது இவரு வச்ச தீதான சார்?" என்று கேட்டான். அவன் தாய் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறிப் போகிறவர். அன்று என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. சரியான பதிலாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து நிதானமாகப் படித்தேன்.

அங்கே தந்தை மனோவாகு வானதூதரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். பிறக்கப்போகும் பிள்ளை எப்படி வாழவேண்டும், அவன் செய்யவேண்டியது என்ன என்பதே அது. எந்தப் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விதான். வானதூதரின் விடையை ஊன்றிப் பாருங்கள். பிள்ளையைப் பற்றி அவர் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொன்னவற்றை அவள் கடைப்பிடிக்கட்டும், திராட்சைக் கொடியிலிருந்து வருவதை அவள் உண்ணவேண்டாம், மது அருந்தவேண்டாம் என்று தாயைப் பற்றியே மறுபடியும் சொல்கிறார். மகனுக்கான ஒழுங்கைக் கேட்டவருக்குப் பெற்றவளுக்கான ஒழுங்கே விடையாகக் கிடைக்கிறது. அந்தத் தாயின் பெயரை நூல் தரவில்லை. ஆனால் அந்த வீட்டில் தெளிவு உள்ளவர் அவர்தான். கடவுளைக் கண்டுவிட்டோம், சாகப்போகிறோம் என்று கணவர் நடுங்கும்போது, நம்மைக் கொல்வதாயிருந்தால் நம் காணிக்கையை அவர் ஏற்றிருப்பாரா என்று அமைதியாகக் கேட்பவர் அவர்.

நாசீர் விரதம் பொதுவாக ஒருவர் தாமே விரும்பி, குறித்த காலத்துக்கு மேற்கொள்வது. எண்ணிக்கை நூலின் ஆறாம் அதிகாரம் அப்படித்தான் அதை விளக்குகிறது. சிம்சோனுக்கோ அது கருவிலேயே வந்தது. அவரைக் கேட்டு எவரும் நேர்ந்துகொள்ளவில்லை. வேளாங்கண்ணியில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு, அதுவரை பிள்ளையின் தலையில் கத்தரி படாமல் காக்கும் தாய்மாரை நம் பங்குகளில் எங்கும் காணலாம். வேண்டுதல் தாயுடையது, முடி பிள்ளையுடையது. நம்மில் பெரும்பாலோருடைய திருமுழுக்கும் அத்தகையதே. நமக்காக வேறொருவர் வாய் திறந்து விசுவாச அறிக்கை சொன்னார். அது குறையன்று, கொடை. ஆயினும் பிறர் ஏற்ற வாக்கை நமதாக்கிக்கொள்ளும் நாள் ஒன்று வரவேண்டும். பதினான்காம் அதிகாரத்தைத் திறந்தால் சிம்சோனுக்கு அந்த நாள் வரவில்லை என்பது தெரிகிறது. தலையில் விரதம் வளர்ந்துகொண்டிருக்கிறது. கால்கள் திமினாவின் திராட்சைத் தோட்டங்களுக்குள் நடக்கின்றன.

திமினாவில் கண்ட பெலிஸ்தியப் பெண்ணைத் தமக்கு மணமுடித்துத் தருமாறு கேட்கிறார். நம் இனத்தில் பெண்ணே இல்லையா என்கின்றனர் பெற்றோர். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சாதிவிட்டுச் சாதி மணம் கூடாது என்று வாதிட்ட கத்தோலிக்கப் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது திருநூலைத் திரிப்பதாகும். பெற்றோரின் அச்சம் உடன்படிக்கையைப் பற்றியது, முறைப்பெண்ணைப் பற்றியதன்று. ஒரே பீடத்தின் முன் ஒரே அப்பத்தை உண்பவர்களுக்கிடையே வேலி போட அந்த வரி உதவாது. மகனுடைய பதில்தான் கவனத்துக்குரியது. அவள் என் கண்ணுக்குச் சரியாகப் படுகிறாள் என்கிறார். அவரவர் தத்தம் கண்ணுக்குச் சரியெனப் பட்டதைச் செய்தனர் என்ற பொருளில்தான் இந்த நூலே முடிகிறது. ஒரு நாட்டின் நோய் அந்த இளைஞரின் வாயில் முதலில் பேசுகிறது.

இவை ஆண்டவரால் ஆயின என்று ஆசிரியர் அடுத்து எழுதுவது எனக்கு இன்றும் எளிதில் செரிக்காத வசனம். கடவுள் ஒரு செயலைப் பயன்படுத்திக்கொள்வதும் அதற்கு ஒப்புதல் தருவதும் ஒன்றல்ல என்ற அளவில் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

இனி அந்தச் சிங்கம். வழியில் கர்ச்சித்து வந்த இளஞ்சிங்கத்தை வெறுங்கையால் கிழித்தெறிகிறார். அதைத் தாய் தந்தையரிடம் சொல்லவில்லை. சில நாள் கழித்து அதன் உடலில் தேனீக் கூட்டம். கையில் தேனை வழித்து உண்டுகொண்டே நடந்து வந்து, பெற்றோருக்கும் கொடுக்கிறார். எதிலிருந்து எடுத்தது என்பதைச் சொல்லவில்லை. நாசீரின் சட்டம் வெளிப்படையாக விலக்குவது மனிதப் பிணத்தை. விலங்கின் பிணமும் தீட்டே என்பது லேவியர் நூலின் விதி. சட்ட நுணுக்கத்தை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். மகனுக்காகத் தன் வயிற்றையே தூயதாகக் காத்த ஒரு தாயின் வாயில், அவளறியாமல் பிணத்தின் தேனை மகன் ஊட்டுகிறான். விவிலியத்தில் இதைவிட அமைதியாகச் சொல்லப்பட்ட துரோகம் குறைவு. தாய்க்கு அது இனித்திருக்கும். மகன் நினைவாகக் கொண்டுவந்தான் என்று மகிழ்ந்தும் இருப்பாள்.

அறிவித்தல், சொல்லுதல் என்னும் பொருள் தரும் ஒரே எபிரேய வினைச்சொல் இந்த அதிகாரத்தில் பத்துக்கும் மேற்பட்ட முறை வருகிறது. ஆசிரியர் தற்செயலாக அப்படி எழுதியிருக்க முடியாது. சொல்லாமை, பிறகு அச்சுறுத்திச் சொல்லவைத்தல், பிறகு அழுது சொல்லவைத்தல் என்று அந்தச் சொல்லின்மீதுதான் கதை சுழல்கிறது. மண விருந்தில் சிம்சோன் போடும் விடுகதையும் சொல்லாமையின் பிள்ளையே. நம் பக்கத்தில் அழிப்பான்கதை என்போமே, அதற்கு ஒரு நேர்மை உண்டு: விடை கேட்பவன் கண்முன்னே கிடக்கும், கிணறு, தேங்காய், நிழல் என்று முடியும். சிம்சோனின் விடுகதைக்கு விடை அவருடைய இரகசியத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. முப்பது பேரை முப்பது உடைகளுக்காகப் பந்தயத்தில் இழுத்துவிட்டுத் தம்மிடம் மட்டுமே உள்ள சாவியைக் காட்டிச் சிரிக்கிறார். விடையைப் பெற்றுத் தராவிட்டால் உன்னையும் உன் தந்தை வீட்டாரையும் தீயிட்டு எரிப்போம் என்று அவர்கள் மணப்பெண்ணை மிரட்டுகிறார்கள். அவள் விருந்து நாள்களெல்லாம் அழுகிறாள். என் தாய் தந்தையருக்கே சொல்லவில்லை, உனக்குச் சொல்வேனா என்கிறார் கணவர். அந்த மிரட்டலை அவள் அவரிடம் சொன்னாளா என்பதை நூல் கூறவில்லை. சொல்லாத வீட்டில் எவரும் சொல்வதில்லை போலும்.

பிறகு அவளை விட்டுவிட்டுச் சினத்தோடு போகிறார். கோதுமை அறுவடைக் காலத்தில் திரும்பி வரும்போது அவள் வேறொருவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறாள். இம்முறை என்மேல் பழியில்லை என்று முன்கூட்டியே கைகழுவிக்கொண்டுதான் நரிகளைப் பிடிக்கிறார். (அவை கூட்டமாகத் திரியும் வேறு வகை விலங்கு என்று உரையாசிரியர்கள் வாதிடுவர். நரி என்ற தமிழ்ச் சொல் இரண்டுக்கும் பொருந்துவதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.) அடுக்கிய கதிர்க்கட்டுகள், அறுக்காத பயிர், திராட்சை, ஒலிவ மரங்கள் எல்லாம் எரிகின்றன. பெலிஸ்தியர் வந்து அந்தப் பெண்ணையும் அவள் தந்தையையும் எரிக்கின்றனர். எந்தத் தீக்கு அஞ்சிக் கணவரின் இரகசியத்தை வெளியிட்டாளோ அந்தத் தீயிலேயே மடிகிறாள்.

சிவகாசிச் சீமையில் இதைப் படிப்பவர்கள் தீயை உருவகமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர்; புகையைப் பார்த்து ஓடி வந்த அக்கம்பக்கத்து மக்கள். 2024 மே 1 அன்று காரியாபட்டிப் பகுதிக் கல்குவாரியொன்றின் வெடிமருந்து வெடித்து மூவர் மாண்டனர். மருந்தைக் கையாளும் எவரும் இங்கே அறிந்த ஒன்று உண்டு: ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை அளவு மருந்து என்ற விதிகளை மீறியதை மறைக்கிறவரும், அதற்காக எரிகிறவரும் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை. அந்தச் சிறுவனின் கேள்வி இங்கிருந்து பிறந்தது. நரிகளை அவிழ்த்துவிட்ட கையையும் திமினா வீட்டுத் தீயையும் அவன் மனம் தானாகவே இணைத்தது. ஆம், அது அவர் வைத்த தீதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் மாறினாரா? அவர்கள் எனக்குச் செய்ததையே நான் அவர்களுக்குச் செய்தேன் என்கிறார் சிம்சோன். அவன் எங்களுக்குச் செய்ததையே அவனுக்குச் செய்ய வந்தோம் என்கின்றனர் பெலிஸ்தியர். அடுத்தடுத்த வசனங்களில் இரு தரப்பாரும் ஒரே வாக்கியத்தைப் பேசுகின்றனர். ஆவியின் ஆற்றல் அவர்மீது இறங்குகிறது, கயிறுகள் அறுகின்றன, கழுதைத் தாடை எலும்பால் ஆயிரம் பேர் வீழ்கின்றனர். அருங்கொடை குறையவில்லை, அதனால் குணம் வளர்ந்ததென்றும் சொல்ல இயலவில்லை. வரத்தைக் கண்டு ஆளை எடைபோடும் நம் செபக்கூட்டங்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்கலாம். எபிரேயர் திருமுகத்தின் பதினோராம் அதிகாரம் அவரையும் நம்பிக்கையின் வீரர் வரிசையில் வைக்கிறது என்பதை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை.

அந்த வரிசையில் அவருக்கு இடம் தரும் நிகழ்ச்சிகளுள் ஒன்று பதினைந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களில் உள்ளது என்று நினைக்கிறேன். ஆயிரம் பேரை வீழ்த்திப் பாட்டும் கட்டிவிட்ட பிறகு அவருக்குத் தாகம் எடுக்கிறது. குண்டாறு மணலாகக் கிடக்கும் கோடையில், கரிசல் வெடித்துக் கிடக்கும் பகலில், குடத்தோடு குழாயடியில் நின்றவர்களுக்கு அந்தத் தாகத்தை விளக்க வேண்டியதில்லை. சிங்கத்தின்முன் அவர் கடவுளை அழைத்ததாக நூல் சொல்லவில்லை. திருமணத்திலும் இல்லை, நரிகளைத் தேடியபோதும் இல்லை. இப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்து, நான் சாகிறேன் என்று ஆண்டவரிடம் சொல்கிறார். பள்ளம் பிளந்து நீர் வருகிறது. அந்த ஊற்றுக்கு, கூப்பிட்டவனின் ஊற்று என்ற பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று.