கறிக்கோழித் தீவனத்தில் உள்ளூர்ச் சேர்மானங்கள்: தமிழ்நாடும் இலங்கையும்

கறிக்கோழி வளர்ப்பில் செலவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போவதால், அதில் கலக்கும் புரதத்தையும் தாது உப்பையும் மூலிகையையும் ஊரிலேயே தேடிக்கொள்ளும் முயற்சி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடந்துவருகிறது. ஆயினும் அம்முயற்சிக்கான காரணம் இரண்டிடத்தும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டின் பல்லடம் வட்டாரத்தில் வேரூன்றிய ஒப்பந்தப் பண்ணை முறையில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனமே கொடுத்து, வளர்ப்புக் கூலியை மட்டும் பண்ணையாளருக்கு அளிப்பதால், தீவனத்தில் எதைச் சேர்ப்பது என்பது அவர் கையில் இல்லை. மக்காச்சோளமும், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் சோயாப் பிண்ணாக்கும் உள்நாட்டிலேயே கிடைப்பதால், இங்கு உள்ளூர்ச் சேர்மானம் நிறைவான தீவனத்தின்மேல் சிறிதளவு கூட்டப்படுவதாகவே பெரும்பாலும் அமைகிறது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை இந்தியா 2019இல் தடைசெய்த சூழலில், குடல் நலத்துக்கு மஞ்சளும் பூண்டும், ஈரலுக்குக் கீழாநெல்லியும் கூடுதல் கவனம் பெறுகின்றன.

இலங்கையில் நிலைமை கடுமையானது. சோயாப் பிண்ணாக்கு பெரும்பாலும் இறக்குமதியாக இருக்க, 2021இல் இரசாயன உரத் தடை உள்நாட்டு விளைச்சலையும், 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதியையும் தாக்கியதால், அங்கு உள்ளூர்ப் பொருள் இல்லாத ஒன்றின் இடத்தை நிரப்பவே வந்தது. தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதம் 20 விழுக்காட்டளவில் இருந்தாலும், தசை வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, நார்ப்பொருள் மிகுதி. ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் ஈரலைக் கெடுக்கும் நச்சும் சேர்கிறது. எண்ணெய் நீக்காத அரிசித் தவிடு ஆற்றல் மிக்கதெனினும் விரைவில் சிக்குவாடை அடைவதோடு, அதிலுள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி பைட்டேட் வடிவில் பூட்டப்பட்டிருப்பதால், அதை உடைக்கும் நொதி போதாத கோழிக்கு முழுமையாகப் பயன்படுவதில்லை. தமிழ்நாட்டில் எண்ணெய் நீக்கிய தவிடு எளிதில் கிடைப்பதால் சிக்குவாடைச் சிக்கலேனும் குறைகிறது.

இரு நாடுகளிலும் பரிந்துரைக்கப்படும் அசோலா என்னும் நீர்ப் பெரணியைப் பொறுத்தவரை மிகையான நம்பிக்கை பரவியுள்ளது. 100 கிராம் பச்சை அசோலாவில் உலர்பொருள் ஏறத்தாழ 6 கிராமே. அதில் புரதம் ஒன்றரைக் கிராம் அளவுதான். ஆறு வாரங்களில் இரண்டு கிலோ எடையைத் தொடவேண்டிய கோழியின் இரைப்பையை நீரால் நிரப்புவது வளர்ச்சியைத் தடுக்கும். உலர்த்திச் சிறிதளவு கலப்பதே தகும்.

மலிவு என்பதைத் தீவன மாற்றுத் திறனைக் கொண்டே, அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் செலவாகிறது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும். கிலோ 40 ரூபாய்த் தீவனம் 1.6 கிலோ செலவானால் 64 ரூபாய். உள்ளூர்க் கலவையால் விலை 36 ரூபாயாகக் குறைந்தும் 1.9 கிலோ தேவைப்பட்டால் 68 ரூபாய்க்கு மேலாகிறது. இக்கணக்கைப் போடுவதற்குப் பகுப்பாய்வு வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் அவ்வகையில் பெருந்துணை. இலங்கையின் குருணாகலிலோ வன்னியிலோ உள்ள சிறு பண்ணையாளருக்கும் அத்தகைய சோதனை கைக்கெட்டும் தூரத்தில் அமையுமானால், ஒவ்வொரு மூட்டைப் பிண்ணாக்கிலும் எவ்வளவு கலக்கலாம், எதை ஒதுக்கவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க இயலும்.