தகரமும் டிரில்லிங் மெஷினும்: பெர்லின் பாணி

இண்டஸ்ட்ரியல் இசை என்றாலே 'எல்லாம் ஒரே இரைச்சல்' என்று கையை உதறிவிடுகிறவர்கள் அதிகம். காது கொடுத்துக் கேட்டால் அதிலும் பாணிகள் உண்டு, பாணிக்குப் பாணி இலக்கணமும் உண்டு.

பெயர் வந்தது இங்கிலாந்திலிருந்து. 1976இல் திராபிங் கிரிசில் குழுவினர் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் பெயர் அந்த இசைக்கே ஒட்டிக்கொண்டது. ஒலிநாடா, மின்னணுக் கருவி, கேட்பவர் முகம் சுளிக்கும்படியான விஷயங்கள், இவைதான் அவர்கள் சரக்கு. ஷெஃபீல்டின் கேபரே வால்டேர் குழுவும் ஏறக்குறைய அதே வழிதான். பட்டறைச் சாமானை வாத்தியமாக்கி, அதையே ஆயுட்கால வித்தையாக வளர்த்தது மேற்கு பெர்லினின் ஐன்ஸ்டூர்ட்சென்டே நொய்பாவ்டென்.

1980 ஏப்ரல் 1, மூன் என்ற கிளப்பில் முதல் கச்சேரி. பிளிக்ஸா பார்கெல்ட், என்.யூ. உன்ரூ, குட்ருன் குட், பெயாட்டே பார்ட்டெல் என நால்வர். பெண்கள் இருவரும் சீக்கிரமே விலகினார்கள். இடிந்து விழும் புதுக் கட்டடங்கள் என்று குழுவுக்குப் பெயர். மே 21 அன்று அதே நகரில் காங்கிரஸ் மண்டபத்தின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்தது. இதைவிட விளம்பரம் எந்தக் குழுவுக்கும் வாய்த்திருக்காது.

காசில்லாத உன்ரூ டிரம்ஸை விற்றுவிட்டு இரும்புத் துண்டுகளைப் பொறுக்கப் போனார் என்பார்கள். வறுமையில் தொடங்கியது கொள்கையாயிற்று. ஜூன் மாதமே அவரும் பார்கெல்டும் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் பொந்துக்குள் புகுந்து இரும்பைத் தட்டி ஒலிப்பதிவு செய்தார்கள். 1981இல் வந்த 'கொல்லாப்ஸ்' இசைத்தட்டின் அட்டையில், ஒலிம்பிக் மைதானத்தின் முன்னால் தட்டுமுட்டுச் சாமான்களைக் கடை விரித்து நிற்கிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் தம் கருவிகளைப் பரப்பிக் காட்டிய படத்துக்கு அது கிண்டல்.

ஹாம்பர்க்கிலிருந்து எஃப்.எம். ஐன்ஹைட் வந்து சேர்ந்ததும் அடி பலத்தது. 1984 ஜனவரியில் லண்டன் ஐ.சி.ஏ. அரங்கில் இவர்களில் சிலரும் நண்பர்களும் டிரில்லிங் மெஷினால் மேடையையே துளைக்க, நிகழ்ச்சி பாதியில் நின்றது. அந்தக் கதைதான் இன்றும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. என்னைக் கேட்டால், அவர்களுடைய சாதனைகளில் அது கடைசி.

இதற்குள் வேறு பாணிகளும் கிளைத்துவிட்டன. லண்டனின் டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழு காயலாங்கடை இரும்பைக் கூட்டாக முழக்கி, வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்றது. டியூசல்டார்ஃபின் டீ குருப்ஸ் இரும்பாலைச் சிம்பொனியே செய்தது. சுலோவீனியச் சுரங்க ஊரில் லைபாக். அமெரிக்காவில் மினிஸ்ட்ரி, நைன் இன்ச் நெய்ல்ஸ் கைக்குப் போனதும் இயந்திரத் தாளத்தோடு கிட்டார் சேர்ந்தது. 1994இல் பெர்லினிலேயே பிறந்த ராம்ஸ்டைன் அரங்கங்களை நிறைக்கிறது. அங்கே தொழிற்சாலை என்பது மேடை அலங்காரம். அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு சங்கதி.

தொண்ணூறுகளின் நடுவில் குழுவில் நெடுநாள் இருந்த மார்க் சுங்கும் ஐன்ஹைட்டும் விலகியபின் நொய்பாவ்டென் சாதுவாகிவிட்டது என்று பழைய ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். ஓசையின் அளவை வைத்துப் பார்த்தால் உண்மைதான். ஆனால் இந்தப் பாணிக்கு உரைகல் ஓசையின் அளவல்ல. எடுத்த பொருளுக்கு அந்த இடத்தில் வேலை இருக்கிறதா என்பதே. முதல் உலகப் போரின் நினைவாக, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்ட நகரம் கேட்டுக்கொண்டதன்பேரில் 2014இல் அவர்கள் செய்த 'லாமென்ட்' படைப்பில் ஒரு பகுதி முழுக்க பிளாஸ்டிக் குழாய்கள். ஒரு குழாய் ஒரு நாடு. ஒரு அடி ஒரு நாள். போரில் இறங்கும் வரிசைப்படி ஒவ்வொரு நாட்டின் குழாயும் சேர்ந்துகொள்ள, தாளம் அடர்ந்துகொண்டே போகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் இதே கணக்குதான்; யாரும் எதையும் உடைப்பதில்லை. 'கொல்லாப்ஸ்' தகரத்தைவிட இதில்தான் உடம்பு நடுங்குகிறது.

2002 முதல் ரசிகர்களிடமே முன்பணம் வாங்கி இசைத்தட்டு போடும் ஏற்பாட்டையும் முயன்று பார்த்தார்கள். 2024இல் வந்த 'ராம்பன்' மேடையில் முன்தயாரிப்பின்றி வாசித்தவற்றிலிருந்து உருவானது. உன்ரூ இன்னும் வாத்தியம் செய்துகொண்டுதான் இருக்கிறார்.