பூங்கார் யாருக்கு?

காவிரி டெல்டாவின் பாரம்பரிய நெல்லைப் பற்றிய கட்டுரைகளில் ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா என்றால் இளவட்டக்கல் தூக்கும் மாப்பிள்ளை வருகிறான். பூங்கார் என்றால் கர்ப்பிணி வருகிறாள். அரிசியின் பெருமை ஆணுக்குத் தோள்வலிமை, பெண்ணுக்குக் கருப்பை என்று பிரிந்துவிடுகிறது. சேற்றில் குனிந்து நட்டு, களையெடுத்தவளைக் காணோம். சமையல் குறிப்பில் வருபவள் ‘பாட்டி’. அவளுக்குக் கைமணம் உண்டு, கூலி கிடையாது.

உணவுப் பட்டியலும் அப்படித்தான். வயல் நண்டும் நத்தையும் அதே சேற்றில் கிடைப்பவை. நடவுக்குப் போகும் பெண்கள் பிடித்துவந்து குழம்பு வைப்பவை. சாதி அவற்றைப் ‘பாரம்பரிய’த்துக்கு வெளியே நிறுத்திவிட்டது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 தலித்துகளில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயத் தொழிலாளர்கள் அப்போது கேட்டுவந்தது, கூலி நெல்லைக் கூட்டிக் கொடுங்கள் என்பது. டெல்டாவின் நெல் வரலாற்றில் இதுவும் அடக்கம்.

பழைய விதைகளைக் காப்பாற்றியாக வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரகத்தின் பெயரை எழுதும் கை, அதை நட்டவளின் அன்றாடக் கூலி எவ்வளவு என்பதையும் எழுதட்டும்.