செத்தவரைத் திட்டினால் அவதூறா?

மல்லாங்கிணறு டீக்கடையில் தம்பி ஒருத்தன் தன் சிறுகதையைக் கையில் கொடுத்தான். அதில் ஒரு குடிகாரன், மறைந்த தலைவர் ஒருவரைப் பேர் சொல்லித் திட்டுகிறான். சிவகாசி அச்சகக்காரர் "பேரை எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். "செத்தவரைத் திட்டுனா அவதூறாண்ணே?" என்று கேட்டான். தேடிப் படித்ததில் இருந்து சில குறிப்புகள்.

அச்சகக்காரர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பழைய இ.பி.கோ. 499, 500 இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356. அவதூறு என்று தெரிந்தே அச்சடிப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. செத்தவரைப் பற்றி எழுதினாலும் அவதூறுதான். ஆனால் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். புகாரும் பாதிக்கப்பட்டவர்தான் தர முடியும். இதுவரைக்கும் சரி.

சிக்கல் வேற இடத்தில். மராத்திக் கவிஞர் வசந்த் தத்தாத்ரேய குர்ஜர் காந்தியை வைத்து எழுதிய கவிதையை 1994இல் வங்கி ஊழியர் சங்க இதழ் ஒன்று வெளியிட்டது. புகார் கொடுத்தது காந்தி குடும்பம் அல்ல, ஓர் அமைப்பு. வழக்கும் அவதூறு அல்ல, ஆபாசம்: பிரிவு 292. வரலாற்றில் மதிக்கப்படுபவரின் பெயரைப் பயன்படுத்தினால் ஆபாச அளவுகோல் கூடுதல் கடுமையோடு பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம், 2015 மே மாதம். முன்பே மன்னிப்புக் கேட்டிருந்த பதிப்பாளர் தப்பினார். கவிஞர் விசாரணைக்குப் போக வேண்டியதாயிற்று.

எனக்கு இதில் உடன்பாடில்லை. மதிக்கப்படுபவர் யார் என்று யார் முடிவு செய்வது? விருதுநகரில் காமராஜர் என்பார்கள்; பக்கத்து மாவட்டத்தில் வேறு பேர் வரும். 292இல் அப்படி ஒரு வகையே கிடையாது. அவதூறுச் சட்டம் போட்ட வேலியை, ஆபாசச் சட்டம் வழியாக யாரும் தாண்டி வரலாம் என்றாகிவிட்டது.

இதைவிட நிதானமானது, 'தலைவி' படத்துக்கு எதிராக ஜெ. தீபா தொடர்ந்த வழக்கு. அது தடை கேட்ட வழக்குதான், குற்ற வழக்கு அல்ல. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒருவர் சம்பாதித்த நற்பெயர் வாரிசுச் சொத்து அல்ல என்பது சாரம்.

தம்பி கதைக்கு வருவோம். குடிகாரன் உண்மையில் திட்டுவது தன் அப்பாவை. அந்தத் தலைவர் படம் போட்ட காலண்டரைச் சாகும்வரை கழற்றாத அப்பா. பேரை எடுத்தால் கதையே இல்லை. ஆனால் திட்டு நாலு இடத்தில் வருகிறது. ஒன்றுதான் கதைக்கு, மற்ற மூன்றும் கைதட்டலுக்கு. "அந்த மூணை எடு, பேரை எடுக்காதே" என்றேன்.

மறுபடி அச்சகத்துக்குப் போயிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.