அதிபரின் ஆளுமையும் ஆளுநரின் அதிகாரமும்
ஆங்கிலப் பள்ளி இலக்கியம் குறித்த ஒரு நோக்கு

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட இலக்கியங்கள் ஆங்கிலத்தில் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை அதிபர் ஒருவரின் அல்லது ஆசிரியர் ஒருவரின் ஆளுமையைப் போற்றுவனவாகவே அமைந்துள்ளன. நல்ல அதிபர் வந்தால் பள்ளி உயரும். அவர் போனால் தாழும் என்பதே இவ்விலக்கியங்கள் வாசகர் மனத்திற் பதிய வைக்கும் கருத்தாகும். ஆனால் அந்த அதிபரை நியமித்தவர் யார், விலக்கும் உரிமை எவரிடம் இருந்தது, எக்காரணத்துக்காக விலக்கலாம் என்னும் வினாக்களை அவை எழுப்புவது அரிது. அதிபர் மாற்றம் என்பது தனிமனிதர் வருகையும் போக்கும் மட்டுமன்று. அதிகாரம் கைமாறும் நிகழ்ச்சியுமாகும். அந்நிகழ்ச்சியை இலக்கியம் எவ்வாறு காட்டியது, எவ்வாறு மறைத்தது என்பதை மூன்று ஆக்கங்களின் துணையுடன் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என வழங்கும் பள்ளிகள் பெயரளவிலேயே பொதுப் பள்ளிகள். உண்மையில் அவை அறக்கொடையால் நிறுவப்பட்டு, கட்டணத்தால் வளர்ந்து, தனிச்சபைகளால் ஆளப்பட்டவை. அவற்றின் உடைமை அறங்காவலரிடத்தும், அன்றாட ஆட்சி அதிபரிடத்தும், வருவாயின் பெரும்பகுதி பெற்றோரிடத்தும் இருந்தன. மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியரின் வருவாயும் குறையும். ஆகவே அதிபர் ஒருவர் ஒரே வேளையில் மூன்று திசைகளிலிருந்தும் அழுத்தத்துக்கு உட்பட்டார். இவ்வமைப்பை மனத்திற் கொள்ளாது பள்ளி நாவல்களைப் படிப்பவர், மேடையில் நிற்பவரை மட்டும் கண்டு, திரைக்குப் பின்னால் நிற்பவரைக் காணாது திரும்பியவராவர்.

இவ்வகை இலக்கியத்தின் மூலவூற்றாக அமைந்த பள்ளி றக்பி ஆகும். இலண்டன் மளிகை வணிகரான லோறன்ஸ் ஷெறிவ் என்பவரது கொடையால் 1567 ஆம் ஆண்டு தோன்றிய இப்பள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரபுக்களும் நிலவுடைமையாளருமாகிய பன்னிரு அறங்காவலரின் கீழ் இருந்தது. 1828 ஆம் ஆண்டு அதிபர் பொறுப்பை ஏற்ற தோமஸ் ஆர்னல்ட் தமது நிலைப்பாட்டைத் தெளிவாகக் கொண்டிருந்தார். தம்மைப் பதவியிலிருந்து நீக்கும் உரிமை சபைக்கு உண்டு. ஆனால் நீக்கும்வரை பள்ளியின் உள்ளாட்சியிலே தலையிடும் உரிமை அதற்கில்லை என்பதே அது.

இந்நிலைப்பாடு 1836 ஆம் ஆண்டு சோதனைக்குள்ளாயிற்று. ஒக்ஸ்போட்டில் எழுந்த சமயப் பிணக்கொன்றிலே ஆர்னல்ட் கடுமையான கட்டுரை ஒன்றை 'எடின்பரோ றிவியூ' இதழில் எழுதினார். அக்காலத்து வழக்கப்படி அது ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அறங்காவலருள் ஒருவரான ஹவ் பிரபு, அக்கட்டுரை அவருடையதுதானா என வினவி மடல் எழுதினார். அவ்வாறு வினவும் உரிமை அறங்காவலருக்கு இல்லை எனக் கருதிய ஆர்னல்ட் விடையிறுக்க மறுத்தார். சபையிலே அவருக்கெதிராகக் கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. வாக்குகள் இருபுறமும் சமமாக விழுந்தமையால் அது நிறைவேறவில்லை. இன்னும் ஒரு வாக்கு எதிராக விழுந்திருப்பின் ஆர்னல்ட் பதவி துறந்திருக்கக்கூடும். பிற்காலத்தில் பேரரசெங்கும் பரவிய ஆர்னல்ட் மரபு அந்த ஒரு வாக்கிலே தங்கியிருந்தது என்பது சிந்தனைக்குரியது. அவர்மீது எழுந்த குற்றச்சாட்டோ பள்ளி நடத்தையைப் பற்றியதன்று; அவர் வெளியே கூறிய கருத்தைப் பற்றியது.

தோமஸ் ஹியூஸ் எழுதிய 'ரொம் பிறவுணின் பள்ளி நாட்கள்' 1857 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹியூஸ் 1834 முதல் 1842 வரை றக்பியிற் பயின்றவர். அதாவது மேற்கூறிய நெருக்கடி நிகழ்ந்தபோது அப்பள்ளியிலேயே இருந்தவர். சிறுவன் ஒருவன் சபைக்கூட்டங்களை அறிந்திருக்க வேண்டுமென எவரும் எதிர்பார்க்க முடியாது. ஆயின் நாவலை எழுதியபோது அவர் சிறுவரல்லர். சட்டம் பயின்றவர், கிறித்தவ சோசலிச இயக்கத்திலே பங்குகொண்டவர். ஸ்ரான்லி எழுதிய ஆர்னல்ட் வரலாறு 1844 ஆம் ஆண்டிலேயே வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டிருந்தது. எனினும் ஹியூஸின் நாவலில் 'டொக்டர்' ஆலயத்தின் பிரசங்க மேடையிலே தோன்றும் தனிப்பெரும் தலைவராகவே காட்சி தருகிறார். அவருக்கு எதிர்ப்பு உண்டுதான். ஆனால் அது பழைய வழக்கங்களை விட மனமில்லாத மாணவரிடமிருந்தும் ஊர்ப் பேச்சிலிருந்தும் எழுவது. அவரை வீழ்த்த முயன்ற அறங்காவலர் கதையின் இயக்கத்திலே பங்கு பெறுவதில்லை.

இம்மறைப்பின் விளைவு யாது? ஆர்னல்டின் வெற்றி முழுவதும் அவரது ஒழுக்க வலிமையின் வெற்றியாகிவிடுகிறது. சமயப் பூசலும் கட்சி அரசியலும் நிறைந்த சூழலிலே, தமக்கு மேலுள்ளோருடன் போராடி அவர் காத்துக்கொண்ட கருத்துச் சுதந்திரம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. ஹியூஸ் தம் நாயகரைப் பெருமைப்படுத்தவே முயன்றார். ஆனால் அப்போராட்டத்தை நீக்கியதால் அவரைச் சிறுமைப்படுத்திவிட்டார் என்றே கொள்ள வேண்டும். நாவலின் முடிவிலே ஆர்னல்டின் மறைவுச் செய்தி கேட்டு ரொம் ஆலயத்துக்குத் திரும்பும் பகுதி உருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வுருக்கம் வாசகனைத் தலைவர் வழிபாட்டுக்கு இட்டுச் செல்கிறதேயன்றி, அத்தலைவர் எத்தகைய அமைப்பினுள் இயங்கினார் என்ற அறிவுக்கு இட்டுச் செல்லவில்லை.

நாவல் சொல்லாது விட்டதை அதே பள்ளியின் பிற்கால வரலாறு சொல்லிற்று. ஆர்னல்டுக்குப் பின் ரெயிற், கூல்பேர்ண், ரெம்பிள் ஆகியோர் முறையே அதிபராயினர். 1869 ஆம் ஆண்டு ரெம்பிள் எக்ஸெற்றர் ஆயராக நியமனம் பெற, பழைய அறங்காவலர் சபை ஹென்றி ஹேமன் என்பவரைத் தெரிவுசெய்தது. ஹேமன் அரசியலிலும் சமய நோக்கிலும் ரெம்பிளுக்கு மாறான போக்குடையவர். வேறு பதவிகளுக்காக முன்னர் பெற்ற நற்சான்றுகளை எழுதியோரின் இசைவின்றியே மீண்டும் பயன்படுத்தினார் எனப் பள்ளியின் ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிபருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான பகை வளர்ந்தது; மாணவர் தொகையும் வீழ்ந்தது.

இதற்கிடையில், 1868 ஆம் ஆண்டின் பப்ளிக் ஸ்கூல் சட்டத்தின்படி பழைய அறங்காவலரின் இடத்தைப் புதிய ஆளுநர் சபை ஒன்று எடுத்துக்கொண்டது. முன்னாள் அதிபராகிய ரெம்பிளும் அதில் ஓர் உறுப்பினர். அச்சபை 1873 ஆம் ஆண்டின் இறுதியிலே ஹேமனை நீக்கத் தீர்மானித்தது. அவர் நீதிமன்றத்தை நாடினார். தமக்கு எதிரான மனப்பான்மை கொண்டோரே தம்மை நீக்கினர் என முறையிட்டார். 1874 ஆம் ஆண்டு வழக்கை விசாரித்த நீதிபதி மாலின்ஸ் அவர்பால் இரக்கம் காட்டினார். எனினும் தீய நோக்கம் நிரூபிக்கப்பட்டாலன்றிச் சபையின் முடிவில் நீதிமன்றம் தலையிடாது எனத் தீர்த்தார். பின்னர் பிரதமர் டிஸ்றேலி ஹேமனுக்குத் திருச்சபைப் பதவி ஒன்றை வழங்கினார். தோல்வியுற்ற அதிபருக்கும் மேலிடத்திலே ஆதரவாளர் இருந்தனர் என்பதை இது காட்டுகிறது.

இவ்வழக்கை ஹேமனின் தகுதியின்மையாக மட்டும் நோக்குவது எளிது. அவர் ஆர்னல்ட் அல்லர் என்பது மெய்யே. ஆனால் சட்டம் தகுதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றே. 1868 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதிபர் ஆளுநர் சபையின் விருப்பு உள்ளவரையே பதவி வகிப்பார். ஏனைய ஆசிரியர்களோ அதிபரின் விருப்பு உள்ளவரையே பதவி வகிப்பர். மேலிருந்து கீழ்வரை எவருக்கும் காரணம் கேட்கும் உரிமை இல்லை. மேலே நடுங்குபவர் கீழே நடுங்க வைக்கும் நிலை இவ்வேற்பாட்டிலேயே பொதிந்திருந்தது. ஆர்னல்ட் கோரிய 'நீக்கும்வரை தலையிடாதே' என்ற உரிமை, சபை நினைத்த கணத்தில் நீக்கலாம் என்ற நிலையிலே வலுவற்றதாகிவிடும். ஏனெனில் நீக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டியதில்லை. அது இருக்கிறது என நினைவூட்டினாலே போதும்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஜேம்ஸ் ஹில்ரனின் 'குட்பை மிஸ்டர் சிப்ஸ்' 1934 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. மூன்று பதிற்றாண்டுகள் அதிபராயிருந்த மெல்ட்றம் 1900 ஆம் ஆண்டு திடீரென இறக்க, சிப்ஸ் சிறிதுகாலம் பதில் அதிபராகிறார். ஆளுநர் சபையோ முப்பத்தேழு வயதினரான றோல்ஸ்ரனைக் கொண்டு வருகிறது. றோல்ஸ்ரன் பள்ளியின் நிதியையும் மதிப்பையும் உயர்த்துகிறார். 1908 ஆம் ஆண்டு சிப்ஸை ஓய்வுபெறுமாறு வற்புறுத்துகிறார். சிப்ஸ் மறுக்கிறார். செய்தி பரவியதும் சிப்ஸின் பழைய மாணவரும் சபைத் தலைவருமான ஸேர் ஜோன் றிவேர்ஸ் பள்ளிக்கு வந்து, அவர் விரும்பும்வரை இருக்கலாம் என உறுதி கூறுகிறார். 1911 ஆம் ஆண்டு றோல்ஸ்ரன் மேலும் பெரிய பள்ளி ஒன்றுக்குச் சென்றுவிடுகிறார்.

ஹியூஸ் மறைத்த சபை இங்கே வெளிப்படுகிறது என்பது முன்னேற்றமே. ஆனால் அது தந்தையின் தோற்றத்துடன் வெளிப்படுகிறது. சிப்ஸைக் காத்தது விதியன்று, உறவு. றிவேர்ஸ் வேறொரு பள்ளியின் பழைய மாணவராயிருந்திருப்பின் சிப்ஸின் கதி யாது? அதே பள்ளியில் நண்பர் எவருமற்ற இளம் ஆசிரியர் ஒருவரை றோல்ஸ்ரன் அழைத்துப் பேசியிருப்பின் சபைத் தலைவர் வந்திருப்பாரா? இவ்வினாக்களுக்கு நாவலில் இடமில்லை. மேலும், பாடத்தை மாற்றாமலே பல்லாண்டுகள் கற்பித்தல், இலத்தீன் உச்சரிப்பில் புதிய முறையை ஏற்க மறுத்தல் என றோல்ஸ்ரன் சுமத்திய குறைகளுட் சில ஆராயத்தக்கவை. ஹில்ரன் அவற்றை ஆராயவிடாது, றோல்ஸ்ரனைப் பணத்தின் பிரதிநிதியாகவும் சிப்ஸை மரபின் பிரதிநிதியாகவும் நிறுத்திவிடுகிறார். அம்மரபைக் காத்து நின்ற பழைய மாணவரும் செல்வரே என்பதை நாம் மறந்துவிட வேண்டுமென எதிர்பார்க்கிறார்.

ரெறன்ஸ் றற்றிகனின் 'த பிறவுணிங் வேர்ஷன்' என்னும் ஓரங்க நாடகம் 1948 ஆம் ஆண்டு மேடையேறியது. பதினெட்டு ஆண்டுகள் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த குறொக்கர்-ஹறிஸ் நோயினால் பள்ளியை விட்டு நீங்குகிறார். ஓய்வூதியம் வழங்க ஆளுநர் மறுத்துவிட்டனர் என்ற செய்தியை அதிபர் இனிய குரலிற் கூறுகிறார். விதிக்கப்பட்ட காலம் நிறைவுறவில்லை என்பது காரணம். ஆனால் முன்னொருமுறை விதிவிலக்கு அளிக்கப்பட்டதுண்டு. அதைப் பெற்றவர் பள்ளிக்கு எதிரான றக்பி ஆட்டத்திலே காயமுற்ற ஆசிரியர். விளையாட்டிற் பட்ட காயத்துக்கு உள்ள மதிப்பு வகுப்பறையிலே தேய்ந்த உடலுக்கு இல்லை! ஆளுநர் எவரும் மேடையில் தோன்றாமலே அவர்களது மதிப்பீட்டு முறை முழுவதையும் இச்சிறு செய்தியால் றற்றிகன் புலப்படுத்திவிடுகிறார். அதிபர் தம் முடிவு அன்று எனக் கைவிரிக்கிறார். சபையோ எட்டாத தொலைவில் உள்ளது. பொறுப்பு எங்கும் தரிக்காமல் நழுவிச் செல்லும் இந்த நிலையை இவ்வளவு துல்லியமாக முன்னிரு நாவல்களும் காட்டவில்லை.

இருப்பினும் நாடகத்தின் முடிவு ஒன்றைச் சிந்திக்கத் தூண்டுகிறது. பரிசளிப்பு விழாவிலே தாம் இறுதியாகப் பேசும் உரிமையை இளைய ஆசிரியருக்கு விட்டுக்கொடுக்க முதலில் இசைந்த குறொக்கர்-ஹறிஸ், ஈற்றில் அவ்வுரிமையை மீட்டுக்கொள்கிறார். அது மனிதக் கண்ணியத்தின் மீட்பு. அரங்கிலே உணர்ச்சி மிக்கது. ஆனால் அவர் மீட்டது பேசும் முறைவரிசையை மட்டுமே, ஓய்வூதியத்தையன்று. சபைக்கு ஒரு பவுணும் செலவில்லாத வெற்றி அது. அமைப்பின் கொடுமையைக் கண்டுகொண்ட கலைஞர், தீர்வைத் தனிமனிதனின் உள்ளத்திலேயே தேடினார். இது றற்றிகனின் குறை மட்டுமன்று. இம்மரபு முழுவதற்கும் உரிய எல்லையுமாகும்.

இலக்கியம் சபைக்கூட்ட அறிக்கையன்று, மனிதரைப் படைப்பதே அதன் பணி எனச் சிலர் கூறக்கூடும். இவ்வாதத்திலே பாதி உண்மையுண்டு. எந்த நாவலும் சட்டப்பிரிவுகளை விளக்கக் கடமைப்பட்டதன்று. ஆனால் மனிதரைப் படைத்தல் என்பது அவர் அஞ்சுவதையும் படைத்தலாகும். அதிபர் ஒருவர் காலையிலே மாணவர் முன் கூறும் சொல்லில், முந்திய நாள் மாலை சபையிலே கேட்ட சொல்லின் நிழல் விழுந்திருக்கும். அந்நிழலின்றி அவரைத் தீட்டுவது உளவியல் நோக்கிலும் குறையுடைய ஓவியமே.

இவ்விலக்கியம் எமக்கும் தொலைவானதன்று. பிரித்தானிய ஆட்சிக் காலத்து இலங்கைக் கல்லூரிகள் பல, இல்லங்கள், மாணவ முதல்வர், பரிசளிப்பு விழா ஆகியவற்றுடன் 'பெரும் அதிபர்' என்ற படிமத்தையும் இம்மரபிலிருந்தே பெற்றன. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்தன. சில தனியாராகவே நின்றன. பின்னர் கம்பனிகளாகப் பதிவுசெய்யப்பட்ட சர்வதேசப் பாடசாலைகள் தோன்றின. அறங்காவலர் இருந்த இடத்திலே அங்குப் பணிப்பாளர் சபை அமர்ந்தது. எமது கல்லூரி மலர்களில் அதிபர்களின் வரிசை படங்களுடன் அச்சிடப்படுகிறது. ஆனால் ஒருவர் ஏன் மூன்றாண்டிலும் மற்றொருவர் ஏன் முப்பதாண்டிலும் சென்றனர் என்பது அங்கே எழுதப்படுவதில்லை. ஹியூஸின் மௌனம் இன்னும் எம்மிடையே வழங்குகிறது எனலாம்.

சபையே வேண்டாம் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிபன்று. பொது உடைமையைக் காக்கவும் தவறான அதிபரைத் தடுக்கவும் சபை தேவை. ஹேமன் காலத்து றக்பி அதற்குச் சான்று. ஆனால் காரணம் கூறாது நீக்கும் அதிகாரம், நல்ல அதிபரையும் தீய அதிபரையும் ஒரே அச்சத்தின் கீழ் வைக்கிறது. அவ்வச்சம் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இறங்கி வருகிறது. பள்ளியைப் பற்றி எழுதப்போகும் எமது எழுத்தாளர் அதிபரின் அறையோடு நின்றுவிடாது, சபை கூடும் அறையின் கதவையும் திறந்து காட்டுவாராயின், ஹியூஸும் ஹில்ரனும் தொடாத பொருளைத் தொட்டவராவர்; றற்றிகன் நிறுத்திய இடத்திலிருந்து ஓர் அடி முன்வைத்தவருமாவர்.