வந்தியத்தேவனின் வால்: ஃபேன் ஃபிக்‌ஷனைத் திருத்திவிட்டுத்தான் போட வேண்டுமா?

சில வருஷங்களுக்கு முன்னால் உறவுக்காரப் பெண் ஒருத்தி பொன்னியின் செல்வனை வைத்துக் கதை எழுதி இணையத்தில் போட்டிருந்தாள். அப்போது அவள் காலேஜ் முதல் வருஷம். "படிச்சுட்டுச் சொல்லுங்க சித்தப்பா" என்று லிங்க் அனுப்பினாள். படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே வந்தியத்தேவன் உறையிலிருந்து வாலை உருவினான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து 41 பிழைகளைக் கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு அனுப்பினேன். "தேங்க்ஸ் சித்தப்பா" என்று பதில் வந்தது. அடுத்த அத்தியாயம் வரவே இல்லை.

ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர்கள், அதாவது பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஆசைக்காகக் கதை எழுதுகிறவர்கள், வெளியிடுவதற்கு முன் எழுத்தைச் செப்பனிட வேண்டுமா? இந்தக் கேள்வியை யார் எழுப்பினாலும் எனக்கு அந்த 41தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1967இல் அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொடருக்கென்றே 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் இதழ் வந்தது. அந்தக் காலத்து ரசிகர் இதழ்கள் பெரும்பாலும் ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து படியெடுக்கப்பட்டவை. நம்மூர் ஆபீஸ்களில் சைக்ளோஸ்டைல் என்பார்களே, அந்த வகை. ஸ்டென்சிலில் தப்பு விழுந்தால் அதன்மேல் திரவம் பூசி, காயவைத்து, மறுபடி தட்ட வேண்டும். காகிதம், மை, தபால்தலை எல்லாம் யாரோ ஒருவரின் கைக்காசு. அதனால் கதை அச்சாகும் முன் ஒருவராவது அதை ஒழுங்காகப் படித்துவிடுவார். செப்பனிடுவது அங்கே ஒரு கொள்கையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. செலவே அதைச் செய்ய வைத்தது.

1998இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் வந்தபோது அந்தச் செலவு போய்விட்டது. எழுதி முடித்த அடுத்த நிமிஷமே உலகம் படிக்கலாம். இதழாசிரியர் இருந்த இடத்தில் 'பீட்டா ரீடர்' என்று ஒருவர் உட்கார்ந்தார். வெளியிடும் முன் கதையைப் படித்துக் குறை சொல்லும் நண்பர், சம்பளம் கிடையாது. வேண்டும் என்கிறவர்கள் வைத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்கிறவர்கள் அதையே கொடியாகப் பிடித்தார்கள். 2009இல் திறக்கப்பட்ட ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் கதைகளுக்குப் போடும் பிரபலமான குறிச்சொல் ஒன்று உண்டு: 'பீட்டா கிடையாது, ஆண்பிள்ளைகளாகச் சாவோம்' என்று அதற்கு அர்த்தம். கேலிதான். ஆனால் அதற்குள் ஒரு வாதமும் இருக்கிறது. காசு வாங்காமல் எழுதுகிறேன், பிடித்தால் படி, இல்லையென்றால் விடு.

இந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். செப்பனிட்ட பிறகுதான் வெளியிடுவேன் என்று பெட்டிக்குள் வைத்த கதைகளில் பாதி அங்கேயே கிடக்கும். என் பெட்டியிலும் ரெண்டு கிடக்கின்றன. எழுதிப் போட்டு, யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் 'அடுத்தது எப்போ' என்று கேட்டு, அந்தச் சூட்டில் அடுத்த அத்தியாயம் எழுதித்தான் பலர் எழுதவே கற்றுக்கொள்கிறார்கள்.

அதற்காகப் பிழையே பொருட்டில்லை என்றும் சொல்ல முடியாது. 2006இல் ஹாரி பாட்டரை வைத்து இணையத்தில் வரத் தொடங்கிய 'மை இம்மார்ட்டல்' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை இல்லாத வரியைத் தேட வேண்டும். வேண்டுமென்றே செய்த கிண்டலா, நிஜமாகவே அப்படித்தான் எழுதினார்களா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள், ஆனால் சிரிப்பதற்காக. அழ வைக்க எழுதிய கதைக்கு அந்தக் கதி வந்தால் எழுதியவருக்கு எப்படி இருக்கும்?

என் கணக்கு இதுதான். பிழைகளில் ரெண்டு சாதி உண்டு. 'அரண்மனை' என்பதை 'அரன்மனை' என்று எழுதினால் கண் உறுத்தும்; கதை ஓடிக்கொண்டே இருக்கும். வாள் வாலாகிவிட்டால் கதை நின்றுவிடும். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் ஆறு வாக்கியமும் 'அவள்' என்றே தொடங்கினால் யார் பேசினார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று விளங்காது. இது இலக்கணப்படி பிழையே இல்லை, ஆனால் வாசகரை நிறுத்திவிடும். நிறுத்துகிற பிழைகளைப் பிடிக்கப் பெரிய செப்பனிடல் வேண்டாம். ஒரு ராத்திரி ஆறப்போட்டு, காலையில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால் முக்கால்வாசி மாட்டிக்கொள்ளும்.

ஃபேன் ஃபிக்‌ஷனுக்கே உரிய சோதனை இன்னொன்று. வாசகர் அந்தப் பாத்திரங்களை ஏற்கெனவே அறிந்தவர். குந்தவை இப்படிக் கெஞ்சுவாளா? ஆழ்வார்க்கடியான் சண்டை பிடிக்காமல் ஒரு சத்திரத்தைக் கடப்பானா? ஒற்றுப்பிழையை மன்னிக்கிற வாசகர் இதை மன்னிக்க மாட்டார். நல்ல பீட்டா ரீடர் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

அதை நான் கேட்கவில்லை. இந்தக் குறிப்பை எழுதுவதற்காகப் போன வாரம் அந்தக் கதையைத் திரும்பத் தேடிப் படித்தேன். பூங்குழலி இப்போது தஞ்சையில் அரசி. அலைச் சத்தம் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நடு ராத்திரியில் தாதியை எழுப்பி, ஒரு பானைத் தண்ணீரைக் கையால் அளையச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். கோடிக்கரையில் படகோட்டிய அதே பெண்தான், சந்தேகமே இல்லை. பதினெட்டு வயதில் அந்தப் பானையை யோசித்தவளுக்கு நான் அனுப்பியது லகர ளகரப் பட்டியல். அதில் வாசகரை நிறுத்தும் பிழை என்று எண்ணினால் நாலு தேறும். மற்ற 37ம் என் தமிழைக் காட்டிக்கொள்ள.

அவளுக்கு போன் போட்டு, அந்தப் பானைக் காட்சி ரொம்ப நல்லா இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இப்பச் சொல்றீங்களே சித்தப்பா" என்றாள்.